இரண்டு சிறுநீரகங்களும் இயல்பு

செக்கரம்மா பேருந்தில் ஏறினால் உடனே யாரிடமும் டிக்கெட் கேட்கமாட்டார். முன்வாசலில் ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், படியில் தொங்குபவர்கள் எல்லோருடைய தலைகளையும் எண்ணி முடிப்பார். மடியில் உறங்கும் கைக்குழந்தையைக்கூட எண்ணிவிட்டுப் பிறகுதான் கழிப்பார். அதற்கப்புறம்தான் நடத்துநர் கையிலிருக்கும் டிக்கெட் மெஷினை வாங்குவார். மெஷினை முதலில் பார்த்துவிட்டால் அதில் இருக்கும் எண்ணுக்குத் தோதாகவே கண் தலைகளை எண்ண ஆரம்பித்துவிடும் என்பது நடத்துநராகவும் பிறகு டிக்கெட் பரிசோதகராகவும் பார்த்த இருபத்தெட்டு வருட வேலையில் அவர் கண்டது. நடத்துநர்கள் அவர் காதுபடச் "செக்கரம்மா" என்பார்கள். இறங்கிப் போனதும் "பூதக்கண்ணாடி" என்பார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

இருபத்து மூன்று வயதில் நடத்துநராகச் சேர்ந்தபோது அந்தப் பணிமனையில் பெண்களுக்கென்று ஒரே ஒரு கழிப்பறை இருந்தது. அதன் சாவி ஆண் மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையில் இருந்தது. அவர் முன்னால் போய் நின்று சாவி கேட்கக் கூசித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். இவர் பதினோரு நாள் கேட்டு வாங்கினார். பன்னிரண்டாவது நாள் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "இந்தச் சாவியால் மேற்பார்வையாளர் அவர்களுக்கு என்ன உபயோகம் என்று தெரிவித்தால், அதை ஏன் எடுத்தேன் என்று நானும் தெரிவிக்கிறேன்" என்று பதில் எழுதினார். சாவி ஆணியிலேயே இருந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனுஷிக்குச் சிறுநீரில் ரத்தம் போனபோது, வலி எதுவும் இல்லாமல் நான்கு மாதம் விட்டுவிட்டுப் போனபோது, தெருமுனை மருத்துவர் சொன்னது "உடம்புச் சூடு". நாள் முழுக்க பஸ்ஸில் அலைகிறவள்தானே, தண்ணீர் நிறையக் குடி என்று அனுப்பிவிட்டார். இவரும் குடித்தார். ஐந்தாவது மாதம் தானாகப் போய் ஸ்கேன் எடுத்தபோது வலது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி இருந்தது. புற்று. அறுவை மருத்துவர் கட்டியோடு சேர்த்து அந்தச் சிறுநீரகத்தையே முழுதாக எடுத்துவிட்டார். "ஒண்ணு போதும்மா, உலகத்துல எத்தனையோ பேர் ஒண்ண வெச்சுக்கிட்டு ஓடறாங்க" என்றார். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றையும் நெஞ்சையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எடுத்த இடத்திலோ நுரையீரலிலோ திரும்ப முளைக்கலாம். முளைத்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கவேண்டும். அதற்காகத்தான் ஸ்கேன்.

அதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எடுத்தது நான்காவது ஸ்கேன்.

எடுத்தது திங்கட்கிழமை. நிரப்பக் கொடுத்த தாளில் 'முன்பு செய்த அறுவை சிகிச்சை' என்ற கட்டத்தில் 'வலது சிறுநீரகம் அகற்றப்பட்டது' என்று பெரிய எழுத்தில் எழுதி அடியில் கோடும் போட்டார். படம் எடுக்கும் டெக்னீஷியனிடம் வாயாலும் ஒருமுறை சொன்னார். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். தொண்டையிலிருந்து அடிவயிறு வரை வெந்நீர் ஊற்றியதுபோல் ஓடியது. "மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று பதிவு செய்த குரல் ஒன்று சொன்னபடியெல்லாம் செய்தார். தன் பங்கு வேலையில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை.

மறுநாள் மதியம் அறிக்கையை வாங்கப் போனபோது வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் சுவருக்கு வண்ணம் அடிக்கிற பெயின்டர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். முன்மேசையில் இருந்த பெண் உறையை நீட்டும்போதே, "நார்மல்தான் மேடம்" என்று சிரித்தாள். வீட்டுக்காரர் அங்கேயே, அந்தச் சுவரோரமாகவே நின்று, தங்கைக்கும் தன்னோடு வேலை பார்க்கிற இரண்டு பேருக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். மூன்றாவது போனில் அவர் குரல் உடைந்தது. இரண்டு வருடமாக மனிதர் சரியாகத் தூங்கவில்லை.

செக்கரம்மா பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தார். இரண்டு பக்கம். ஆங்கிலம்தான். ஆனால் இரண்டு வருடத்தில் இந்த மாதிரித் தாள்களைப் படித்துப் படித்து அதன் வார்த்தைகள் எல்லாம் அவருக்குப் பழகிவிட்டன. ஈரல் இயல்பு. பித்தப்பை இயல்பு. மண்ணீரல் இயல்பு. அடுத்த வரிக்கு வந்தார். இரண்டு சிறுநீரகங்களும் அளவிலும் வடிவத்திலும் இயல்பாக உள்ளன.

மறுபடி முதலிலிருந்து படித்தார். முதல் பக்கத்தின் உச்சியில் தன் பெயர், வயது, எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"என்னம்மா, எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே? நார்மல்னு சொல்லிட்டாங்கல்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்கு எத்தனை கிட்னி?"

"இது என்ன கேள்வி. ஒண்ணு."

"இதுல ரெண்டு இருக்கு."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். விரலால் வரியைத் தேடிப் பிடித்தார். "டைப் அடிக்கிற பொண்ணு பழக்கத்துல அடிச்சிருக்கும். கடைசியில பாரேன், எவ்வளவு தெளிவா போட்டிருக்கு. 'நோய் திரும்பி வந்ததற்கான அறிகுறி இல்லை'. அதுதானே நமக்கு வேணும்?"

"வேணுங்கறது வேற. உண்மையாங்கறது வேற."

"ஆரம்பிச்சுட்டியா" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தால் நாத்தனார் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரரின் தங்கை. அண்ணியின் மேல் நிஜமான பாசம் உள்ளவர். அறுவை நடந்தபோது இருபது நாள் கூடவே இருந்து தலை வாரிவிட்டவர். விஷயத்தைக் கேட்டதும், "போங்க அண்ணி, உங்களுக்கு எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிச்சே ஆகணும். நல்ல சேதிய யாராவது நோண்டுவாங்களா?" என்றார்.

"நல்ல சேதிதானான்னுதான் நோண்டறேன்."

"இல்லாத கிட்னியையே நல்லா இருக்குன்னு போட்டிருக்காங்கன்னா, இருக்கறது எவ்வளவு நல்லா இருக்கும்னு பாருங்களேன்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். செக்கரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் முன்னைவிடக் கோபம் அதிகமாயிற்று. ஏனென்றால் நாத்தனார் வேடிக்கையாகச் சொன்னதைத்தான் அந்தத் தாள் வேடிக்கை இல்லாமல் சொல்லியிருந்தது. இல்லாத உறுப்பைப் பார்த்து இயல்பு என்று எழுதிய கண், இருக்கும் உறுப்புகளைப் பார்த்ததா என்பதற்கு என்ன சாட்சி? ஈரல் இயல்பு என்பதை நம்புவதா? நுரையீரலை? ஒரு வரி பொய் என்று கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு மற்ற வரிகள் மட்டும் எப்படித் தாமாக மெய்யாகும்? இதைச் சொன்னால் "பாசிட்டிவா இருங்க" என்கிறார்கள். நோயாளியைப் பார்த்து இந்த ஒரு சொல்லைச் சொல்லாத ஆளே கிடையாது. உடம்புக்குள் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பது நினைப்பைப் பொறுத்த விஷயம் இல்லை. நினைத்தால் போய்விடும் என்றால் ஸ்கேன் மெஷின் எதற்கு, ஒரு நாற்காலி போதுமே, உட்கார்ந்து நினைத்துவிட்டுப் போகலாம்.

புதன்கிழமை காலை பணிமனைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்கேன் மையத்துக்குப் போனார். வீட்டுக்காரர் வரவில்லை, ஒரு வீட்டின் முன்சுவர் பாதியில் நின்றிருந்தது. முன்மேசைப் பெண் தாளைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் மாறியது.

"இது ஃபார்மட்ல அப்படியே வந்திருக்கும் மேடம். ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க, மாத்தித் தர்றேன்."

"என்னத்த மாத்துவீங்க?"

"அந்த லைன மேடம்."

"எனக்கு லைன் வேணாம்மா. படத்த மறுபடி யாராவது திறந்து பார்க்கணும்."

"பார்த்துட்டுதான் மேடம் குடுப்பாங்க. உட்காருங்க."

உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் கடிகாரம் பத்து நாற்பத்தேழு காட்டியது. மெஷின் போல எழுந்து போய் மெஷின் போலத் திரும்பி வந்த அந்தப் பெண் புதுத் தாளை நீட்டினாள். சூடு ஆறாத தாள். இப்போது அந்த வரி 'வலது சிறுநீரகம் காணப்படவில்லை, அறுவையில் அகற்றப்பட்டது' என்று இருந்தது. செக்கரம்மா பழைய தாளையும் புதுத் தாளையும் முழங்கால் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தார். வேறு ஒரு எழுத்தும் மாறவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் கடைசியில் புள்ளி விட்டுப்போயிருந்தது. புதுத் தாளிலும் அது விட்டுப்போயே இருந்தது. கடைசியில் மருத்துவரின் கையெழுத்தும் இறுதி செய்த நேரமும் அச்சாகியிருந்தன. பத்து ஐம்பத்தொன்று.

அவர் இதைப் பல ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். செக்கர் ஏறுவது தெரிந்ததும் நடத்துநர் அவசர அவசரமாக நான்கு டிக்கெட் கிழித்து நான்கு கைகளில் திணிப்பாரே, அது.

"நாலு நிமிஷத்துல படத்த யார் பார்த்தது?"

"டாக்டர்தான் மேடம்."

"டாக்டர் உள்ள இருக்காங்களா?"

"இல்ல மேடம். எங்க இன்னொரு சென்டருக்குக் கிளம்பிட்டாங்க."

"அப்போ கையெழுத்து?"

"அது சிஸ்டத்துலயே வந்துடும்" என்றவள் குரலைத் தாழ்த்தி, "மேடம், நான் இங்க பில் போடறவ. என்னைக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? எத்தனை பேரு பின்னாடி நிக்கறாங்க பாருங்க" என்றாள்.

பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எண்ணாமல் இருக்க அவரால் முடியாது. அந்தப் பெண்ணிடம் கத்தியிருக்கலாம். இதுபோன்ற இடங்களில் எப்போதும் கத்தல் வாங்குவதற்கென்றே மேசைக்கு முன்னால் ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைக்கிறார்கள். திட்டு வாங்கவேண்டியவர்கள் எங்கோ கதவுக்குப் பின்னால் குளிர்ச்சியாக இருக்கிறார்கள். அது தெரிந்ததால் கத்தவில்லை. கத்தவேண்டியவர்களிடம் கத்தமுடியாமல் போனது அன்று முழுக்க நெஞ்சில் கிடந்து எரிந்தது.

சாயங்காலம் அறுவை மருத்துவர். டோக்கன் நாற்பத்தொன்று. நல்ல மனிதர், கை சுத்தமானவர், இவர் வயிற்றில் கத்தி வைத்தபோது ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏற்றாமல் முடித்தவர். உள்ளே போனதும் தாளை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்க்காமலே இரண்டாம் பக்கத்தின் அடியில் 'முடிவு' என்ற இடத்துக்குப் போனார்.

"பிரமாதம். ஒண்ணும் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

"டாக்டர், நேத்துக் குடுத்த ரிப்போர்ட்ல எனக்கு ரெண்டு கிட்னி இருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணு."

அவர் நிமிர்ந்தார். பழைய தாளையும் வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "நான் எடுத்தது திரும்ப முளைச்சுட்டதோ" என்றார். பிறகு இவர் சிரிக்காததைப் பார்த்து, "டைப்பிங் மிஸ்டேக்மா. அங்க தினமும் நடக்கறதுதான்."

"அப்போ 'நோய் திரும்பலை'ங்கற வரி மட்டும் டைப்பிங் மிஸ்டேக் இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

அவர் இரண்டு தாளையும் மறுபடி புரட்டினார். பொய் பேசுகிற மனிதர் இல்லை.

"படத்த நீங்க ஒருதரம் பாருங்களேன். ரிப்போர்ட்டோட குடுத்த சிடி கொண்டுவந்திருக்கேன்."

அவர் தன் கணினியின் இரு பக்கத்தையும் தடவிப் பார்த்தார். "இதுல சிடி போடற இடமே இல்லம்மா. இப்ப வர்றதுல வைக்கறதில்ல."

"அப்போ எதுக்கு சிடி குடுக்கறாங்க?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார் அவர், உண்மையாகவே யோசித்து. கதவு திறந்தது, நாற்பத்திரண்டாம் டோக்கன் எட்டிப் பார்த்தது. "கவலைப்படாதீங்க. உங்க உடம்பப் பார்த்தாலே தெரியுது, நல்லா இருக்கீங்க. மனச அலட்டிக்காதீங்க."

உடம்பைப் பார்த்தாலே தெரியும் என்றால், எலுமிச்சம்பழம் வளர்ந்த ஐந்து மாதமும் பார்த்தவர்களுக்கெல்லாம் ஏன் தெரியவில்லை? கேட்கத் திரும்பினார். நாற்பத்திரண்டாம் டோக்கன் நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது.

வெளியே வந்தார். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். மருத்துவர் சந்தோஷமாக இருக்கிறார். தாளில் கையெழுத்து இருக்கிறது. இந்த உலகத்தில் சந்தோஷமாக இல்லாதது தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது, ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ, இருபத்தெட்டு வருடமாக அடுத்தவன் கணக்கில் ஓட்டை தேடித் தேடிப் புத்தியே அப்படி ஆகிவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. ஆறு மாதம் கழித்து அடுத்த ஸ்கேன் இருக்கிறது. அதுவரை விட்டுவிடலாம். நிம்மதியாகத் தூங்கலாம்.

விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தவர் அதே தெருவின் கோடியில் இருந்த ஸ்கேன் மையத்தின் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார். படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் திங்கட்கிழமை படம் எடுத்த டெக்னீஷியன். இவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீங்கதானே ரைட் கிட்னி இல்லாதவங்க?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்கு. ரிப்போர்ட்டுக்கு ஞாபகம் இல்ல" என்று இரண்டு தாளையும் நீட்டினார்.

அவர் படித்தார். டீயைப் படியில் வைத்தார். "நான் எடுத்த படத்துல ஒரு கிட்னிதான் இருக்கு. அதுல சந்தேகமே வேணாம்க்கா. படம் உங்களுதுதான், மாறிப் போகல."

"சரி. யாராவது பார்த்தாங்களா?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சாயங்காலத்துல கேட்டா உங்களுக்கு ஒரு பதிலும் கிடைக்காது. படத்தப் பார்த்து ரிப்போர்ட் எழுதற டாக்டர் காலைல ஆறரைக்கு வருவாங்க. எட்டு மணிக்கு மேல பத்துப் பேர் கூப்பிடுவாங்க, போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். ஆறரைக்கு வந்து மாடியில நீல கதவுகிட்ட நில்லுங்க. முன்மேசைக்குப் போகாதீங்க."

வியாழக்கிழமை ஆறு இருபதுக்கு அவர் நீலக் கதவுக்கு முன்னால் இருந்தார். வீட்டுக்காரரும் வந்திருந்தார், முணுமுணுத்துக்கொண்டே வந்தாலும் வந்துவிட்டார். கீழே காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

படம் பார்த்து அறிக்கை எழுதுகிற மருத்துவர் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கையில் சாப்பாட்டுப் பை, தோளில் துப்பட்டா ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"யாரும்மா நீங்க? இங்க பேஷன்ட் வரக்கூடாது."

"தெரியும் டாக்டர். என் வலது கிட்னி நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே குப்பைக்குப் போயிடுச்சு. அதைப் பத்தி சண்டை போட வரல. என் படத்த ஒருதரம் திறந்து பாருங்க. பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னு நீங்க வாயால சொன்னா நான் போயிடறேன். வேற யார் சொன்னாலும் போகமாட்டேன்."

மருத்துவர் தாளை வாங்கினார். அந்த வரியைப் படித்ததும் அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்றார்.

ஜன்னல் இல்லாத இருட்டு அறை. மூன்று பெரிய திரைகள். ஓரத்தில் ஒரு பட்டியல். படிக்கப்படாமல் காத்திருக்கும் படங்கள். அதன் உச்சியில் முப்பத்தொன்று என்று ஒரு எண். மருத்துவர் செக்கரம்மாவின் எண்ணை அடித்துப் படத்தைத் திறந்தார். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த பழைய படத்தையும் பக்கத்துத் திரையில் திறந்தார்.

"இந்த பழைய படத்தை அன்னிக்கும் பக்கத்துல வெச்சுப் பார்த்தீங்களா?"

மருத்துவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்ல" என்றார்.

சுட்டியின் சக்கரம் உருண்டது. உடம்பு குறுக்கே அறுத்த துண்டு துண்டாக மேலிருந்து கீழே ஓடியது. நுரையீரல் கறுப்பாக, ஈரல் சாம்பலாக, முதுகெலும்பு வெள்ளையாக. இரண்டு திரையிலும் ஒரே வேகத்தில் ஓடியது. நுரையீரலை மூன்று முறை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு வயிறு. இடது பக்கத்தில் சிறுநீரகம் ஒன்று அவரை விதையைப்போல் பளிச்சென்று தெரிந்தது. வலது பக்கத்தில் அது இல்லை. சக்கரம் கொஞ்சம் போய், திரும்பி வந்து, இன்னும் மெதுவாகப் போய், நின்றது.

மருத்துவர் ஒரு இடத்தைப் பெரிதாக்கினார். பழைய படத்திலும் அதே இடத்தைப் பெரிதாக்கினார். ஒரு கோடு இழுத்து அளந்தார். திரும்பி செக்கரம்மாவைப் பார்த்தபோது அவர் குரல் கீழே வந்துவிட்டது.

"கிட்னிய எடுத்த இடம் காலியா இருக்காதும்மா. குடல் மெல்ல சரிஞ்சு வந்து அங்க உட்காந்துக்கும். இதோ, இது குடல். இதுக்குப் பின்னால, இந்த ஓரத்துல பாருங்க. இது குடல் இல்ல. பன்னிரண்டு மில்லிமீட்டர். ஆறு மாசத்துக்கு முன்னாடி படத்துல இந்த இடத்துல ஒண்ணுமே இல்ல."

"திரும்பி வந்துடுச்சா?"

"படத்த மட்டும் வெச்சு நூறு சதவீதம் சொல்லக் கூடாது. ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்கணும். ஆனா..." அவர் நிறுத்தினார். "சந்தேகம் பலமா இருக்கு. ஒரே இடத்துலதான் இருக்கு. வேற எங்கயும் பரவல, இப்ப நல்லா பார்த்துட்டேன். எடுக்க முடியற அளவுதான்."

செக்கரம்மா அந்தச் சாம்பல் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பட்டாணி. பயம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது கோபம்தான்.

"எப்படி இது விட்டுப் போச்சு?"

மருத்துவர் ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து விசைப்பலகையில் ஒரே ஒரு விசையை அழுத்தினார். ஈரல் இயல்பு, பித்தப்பை இயல்பு, இரண்டு சிறுநீரகங்களும் இயல்பு, நோய் திரும்பியதற்கான அறிகுறி இல்லை. முழு அறிக்கையும் ஒரு நொடியில் வந்து விழுந்தது.

"முதல்ல எல்லாமே இயல்புன்னு வந்துடும். வித்தியாசமா எது இருக்கோ அதை மட்டும் நாங்க மாத்தணும். அப்பதான் வேகமா முடியும். அன்னிக்கு நான் எண்பத்து மூணு படிச்சேன். உங்களது எழுபது எழுபத்தஞ்சாவதா வந்திருக்கும். வேகமா உருட்டியிருக்கேன், குடல்னு நினைச்சிருக்கேன். மாத்த வேண்டிய எதையுமே மாத்தல." கொஞ்சம் விட்டு, "என் தப்புதான்மா" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகச் செக்கரம்மா மூன்று நாளாக அலைந்திருக்கிறார். கிடைத்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் மெஷினைப் பார்த்துவிட்டுத் தலை எண்ணச் சொல்லுகிற வேலை இது. அப்படி எண்ணச் சொன்னால் யார் எண்ணினாலும் தவறத்தான் செய்யும்.

"எண்பத்து மூணு படிக்கணும்னு யார் சொன்னது?"

"மேனேஜ்மென்ட். ரெண்டு பேர் பார்த்த வேலைய ஒருத்தர் பார்க்கறேன். குறைச்சா வேற ஆள் போட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க."

"சரி. எனக்கு ஒரு கிட்னி இல்லாததால மாட்டிக்கிச்சு. அன்னிக்குப் படிச்ச மத்த எண்பத்திரண்டு பேருக்கும் எல்லா உறுப்பும் இருக்குமே டாக்டர். அவங்க எதை வெச்சுக் கண்டுபிடிப்பாங்க?"

மருத்துவர் இரண்டு கையாலும் முகத்தை மூடித் தேய்த்துக்கொண்டார். ஓரத்துப் பட்டியலில் முப்பத்தொன்று இதற்குள் முப்பத்தெட்டு ஆகியிருந்தது.

"சொல்லுங்க. அவங்களையெல்லாம் மறுபடி யாரு திறந்து பார்க்கப் போறாங்க?"

"யாரும் பார்க்கமாட்டாங்கம்மா" என்றார் மருத்துவர். "நேரம் இல்ல."

செக்கரம்மா நாற்காலியைவிட்டு எழுந்தார். இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் அந்த ஐந்து நிமிடமும் முப்பத்தெட்டில் யாரோ ஒருவரின் படத்திலிருந்துதான் கழியும். இந்த அறையில் சண்டை போடுவதற்கு ஆளே இல்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கமுடியாததாக இருந்தது. "புது ரிப்போர்ட் அடிச்சுக் குடுங்க. பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்த்ததுன்னு போடுங்க. முதல்ல குடுத்தது தப்புன்னும் போடுங்க."

"போடறேன்."

"உங்க மேனேஜ்மென்ட் யாருன்னு பேரையும் எழுதித் தாங்க. எழுத வேண்டியது இருக்கு."

மருத்துவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு ஒரு சீட்டைக் கிழித்துப் பெயரும் விலாசமும் எழுதி, அறிக்கையோடு சேர்த்துக் கொடுத்தார். செக்கரம்மா அங்கேயே நின்று இரண்டு பக்கத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்து முடித்த பிறகுதான் மடித்தார்.

கீழே வீட்டுக்காரர் எழுந்து நின்றார். மனைவியின் நடையைப் பார்த்தே அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது. "என்ன சொன்னாங்க?"

"இருக்கு. சின்னதா. எடுத்துடலாம்னு சொல்றாங்க."

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தொடையில் காய்ந்திருந்த வெள்ளை வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"அந்த முதல் ரிப்போர்ட்டோட விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஆறு மாசம் சந்தோஷமா இருந்திருப்போம்" என்றார் செக்கரம்மா. "எழுந்திருங்க. இப்பவே போனாதான் டாக்டர்கிட்ட முதல் பத்து டோக்கனுக்குள்ள கிடைக்கும்."